கியர் சுழல வேண்டுமென்றால் சட்டகம் அசையக் கூடாது

லெகோ டெக்னிக் மாடல் ஒன்றைக் கட்டி மேசையில் வைத்தால், பார்க்க வருபவர்கள் முதலில் தொடுவது சக்கரத்தைத்தான். அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்புவார்கள். பானெட்டைத் தூக்கி, காரை உருட்டி, பிஸ்டன் ஏறி இறங்குவதைப் பார்ப்பார்கள். அசைவதுதான் எல்லோர் கண்ணிலும் படும். எனக்கு விரல் தானாகப் போவது வேறு இடத்துக்கு. மாடலின் முன்பக்கத்தை ஒரு கையிலும் பின்பக்கத்தை ஒரு கையிலும் பிடித்து லேசாக முறுக்குவேன். வளைந்து கொடுக்கிறதா, விறைப்பாக நிற்கிறதா? உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் ஒழுங்காக வேலை செய்யுமா, கொஞ்ச நாளில் தடுமாறுமா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பல வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். இயக்கத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ளலாம் என்று உள்ளே வந்தால், நேரத்தில் பாதிக்கு மேல் போவது அசையாமல் நிற்க வேண்டிய பாகங்களுக்குத்தான். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி. உலோகத் துண்டுகளையும் நட்டு போல்ட்டையும் வைத்து இயந்திர மாதிரிகள் கட்டும் மெக்கானோவுக்கு இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி காப்புரிமை வாங்கியது 1901-ல். நாம் இன்று பார்க்கும் வடிவத்தில் லெகோ கட்டை டென்மார்க்கில் காப்புரிமைக்குப் போனது 1958-ல். இந்த இரண்டு உலகமும் சந்தித்த இடம் டெக்னிக், 1977-ல் வந்தது. பக்கவாட்டில் துளை போட்ட கட்டை, சிலுவை வெட்டுமுகம் கொண்ட ஆக்ஸில், பல்சக்கரங்கள், துளைக்குள் அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்காரும் பின். நட்டும் ஸ்பேனரும் இல்லாமலே இயந்திரம் கட்டலாம் என்றானது. அந்த முதல் வரிசையிலேயே ஸ்டீயரிங்கும் பிஸ்டன் அசையும் எஞ்சினும் கொண்ட ஒரு கார் அடிச்சட்டம் இருந்தது. 1994-ல் வந்த 8880 என்ற சூப்பர் காரில் நான்கு சக்கர இயக்கம், நான்கு சக்கர ஸ்டீயரிங், தனித்தனி சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே மாடலுக்குள் வந்துவிட்டன. மோட்டார் எதுவும் கிடையாது. இன்றைக்கும் அதன் பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

அந்தக் காலத்து டெக்னிக்கில் ஒரு சிக்கல் உண்டு. கட்டையின் மேலுள்ள குமிழ்களுக்கு நடுவே தூரம் 8 மில்லிமீட்டர். துளைகளுக்கு நடுவேயும் அதேதான். ஆனால் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை நேராக அடுக்கினால், மேல் துளைக்கும் கீழ் துளைக்கும் நடுவே 9.6 மி.மீ. வரும். செங்குத்தாக ஒரு பீமை (வரிசையாகத் துளை போட்ட நீளத் துண்டை) நிறுத்தி இரண்டையும் பின் போட்டு இணைக்க முடியாது, ஏனென்றால் அந்த பீமின் துளைகள் 8, 16, 24 என்றுதான் போகும். இதற்கு வழி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே இரண்டு தட்டைத் துண்டுகளை வைப்பது. ஒரு தட்டு 3.2 மி.மீ. ஆக 9.6-ம் 6.4-ம் சேர்ந்து 16. இரண்டு துளை தூரம், கச்சிதம். இப்போது பக்கவாட்டில் ஒரு பீமை நிறுத்திப் பின் போட்டுவிட்டால், மேலே இழுத்தாலும் அந்த அடுக்கு பிரியாது. குமிழின் பிடிமானத்தை மட்டும் நம்பிக் கட்டியது என்றைக்காவது கழன்றுவிடும்; குறுக்கே பூட்டியது நிற்கும். அசையாதது என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரிந்தது இந்தக் கணக்கில்தான்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குமிழ் இல்லாத, முனை உருண்ட பீம்கள் பெருகி, டெக்னிக்கின் முகமே மாறிவிட்டது. எந்தத் திசையில் திருப்பினாலும் 8 மி.மீ. கணக்குத்தான். கட்டுவது சுலபம், யோசிப்பது கொஞ்சம் கடினம். குமிழ்க் கட்டையில் கீழிருந்து மேலே ஏறலாம். பீமில் உள்ளிருந்து வெளியே வளர்க்க வேண்டும்.

இனி கியர். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் கையேடு இல்லாமலே கட்ட ஆரம்பித்துவிடலாம்.

டெக்னிக் கியர்களில் பற்களின் எண்ணிக்கை எவ்வளவோ, அத்தனை மில்லிமீட்டர்தான் அதன் விட்டம். வெளிவிளிம்பைச் சொல்லவில்லை. இரண்டு கியர்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதாக நினைத்துக்கொள்ளும் அந்தக் கற்பனை வட்டத்தைச் சொல்கிறேன். 8 பல் கியருக்கு ஆரம் 4 மி.மீ.; 24 பல்லுக்கு 12. இரண்டையும் கோத்தால் மையத்துக்கு மையம் 16 மி.மீ., அதாவது இரண்டு துளை. 8-ம் 40-ம் சேர்ந்தால் 24 மி.மீ., மூன்று துளை. 24-ம் 40-ம் நான்கு துளை. சுருக்கமாக, இரண்டு கியரின் பற்களைக் கூட்டி 16-ஆல் வகுத்துவிடுங்கள். வருவது எத்தனை துளை தள்ளி வைக்க வேண்டும் என்ற விடை. முழு எண் வந்தால் ஒரே பீமில் நேராகப் பொருந்தும். 12-ம் 20-ம் 32, ஆக இரண்டு. 12-ம் 36-ம் 48, ஆக மூன்று. 16-ம் 24-ம்தான் முரண்டு பிடிக்கும். கூட்டினால் 40, வகுத்தால் இரண்டரை. அரைத் துளை நகர்த்தித் தரும் இணைப்புத் துண்டுகள் கைவசம் இல்லையென்றால் அந்த ஜோடியை மறந்துவிடலாம்.

நேராக வைக்க இடம் இல்லாதபோது மூலைவிட்டம் கைகொடுக்கும். பள்ளியில் படித்த 3-4-5 முக்கோணம் நினைவிருக்கும். மூன்று துளை பக்கவாட்டில், நான்கு துளை மேலே போனால், இரண்டு புள்ளிக்கும் நடுவே சரியாக ஐந்து துளை தூரம். இரண்டு 40 பல் கியர்கள் அங்கே அழகாகக் கோத்துக்கொள்ளும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தூரத்தை எண்ணும்போது துளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எண்ண வேண்டும், துளைகளை அல்ல. 3-4-5 முக்கோணம் கட்ட எடுக்க வேண்டியது 4, 5, 6 துளைகளாவது உள்ள பீம்களை. டெக்னிக்கில் வளைந்த பீம் ஒன்று அடிக்கடி வரும். விநோதமான கோணத்தில் வளைந்திருக்கும். அந்தக் கோணமும் இதே முக்கோணத்திலிருந்து எடுத்ததுதான். அதனால்தான் அதன் இரண்டு கைகளும் துளைக் கட்டத்தில் எங்காவது சரியாக வந்து உட்கார்கின்றன.

சரி, கியரை வைத்தாயிற்று. கையால் சுழற்றினால் நன்றாகச் சுழல்கிறது. சக்கரத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் உள்ளே 'டக், டக், டக்' என்று சத்தம். இந்தத் துறையில் இருக்கும் யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பல் தாண்டுகிறது.

ஏன் தாண்டுகிறது? இந்த அளவு கியரில் ஒரு பல் அந்தக் கற்பனை வட்டத்துக்கு வெளியே ஏறக்குறைய 1 மி.மீ. தான் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கியரும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும் ஆழமே சுமார் 2 மி.மீ. சுமை ஏறும்போது கியர்கள் ஒன்றையொன்று சுழற்றுவதோடு நிற்காமல், பக்கவாட்டில் தள்ளிவிடவும் பார்க்கின்றன. ஆக்ஸில் வளைகிறது, பீம் வளைகிறது, பின் துளைக்குள் துளியூண்டு சாய்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே கண்ணுக்குத் தெரியாத அளவு. எல்லாம் சேர்ந்து அந்த 2 மி.மீட்டரைத் தின்றுவிட்டால் பல் தாண்டிவிடும். இந்தச் சத்தம் கேட்டதும் பெரும்பாலானவர்கள் கியரை மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது அநேகமாக கியரை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் கூட்டை.

நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு பக்கமும் ஒட்டி பீம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கிய ஆக்ஸிலின் நுனியில் கியரைத் தொங்கவிட்டால் அது சுமைக்கு நிற்காது. அந்த இரண்டு பீமும் தனித்தனியாக விலகாதபடி, கியருக்கு முன்னும் பின்னும் குறுக்குப் பாலம் வேண்டும். பெவல் கியர்கள் செங்கோணத்தில் சந்திக்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே தள்ளுவிசை ஆக்ஸிலின் நீளவாக்கிலும் வரும். கியருக்குப் பின்னால் புஷ்ஷோ (ஆக்ஸிலில் மாட்டும் சின்ன வளையம்) பீமோ முட்டுக்கொடுக்கவில்லையென்றால் கியர் மெல்லப் பின்வாங்கிவிடும். சட்டமாகவே வார்த்த, 5-க்கு 7 துளை அளவுள்ள துண்டு ஒன்று இருக்கிறது. நடுவில் காலி, நான்கு பக்கமும் துளை. டிஃபரன்ஷியலை, அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்த் தொகுதியை, சுற்றி இந்தத் துண்டைப் போட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சும்மா கிடைத்தால் எத்தனை வேண்டுமானாலும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

நான்கு பீம்களை நான்கு பின்களால் இணைத்துச் செவ்வகம் செய்து பாருங்கள். கையில் எடுத்த உடனே சரிந்து இணைகரமாகிவிடும், கால் ஆடும் நாற்காலி மாதிரி. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பின் விழும்படி எல் வடிவத் துண்டு வைக்கலாம், அல்லது ஒரு மூலைவிட்டம் போடலாம். மூலைவிட்டத்துக்கும் அதே 3-4-5-தான். இரண்டில் எது மேல் என்று கேட்டால், நீளமான கிரேன் கைகளுக்கும் லாரி அடிச்சட்டத்துக்கும் மூலைவிட்டம்; கியர்பாக்ஸ் போன்ற சின்னக் கூடுகளுக்கு எல் துண்டு. ஒரு திசையில் மட்டும் கெட்டிப்படுத்திவிட்டுத் திருப்தியடையக் கூடாது. மூன்று திசையிலும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

மோட்டார் வைத்துக் கட்டுபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் யோசிக்கும் கேள்வி, வேகத்தை எங்கே குறைப்பது என்பது. 2007-ல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையின் நடுத்தர மோட்டார் 9 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று போடும். கிரேனின் வின்ச்சுக்கோ டிராக்டரின் சக்கரத்துக்கோ இது ரொம்ப வேகம். 8 பல்லிலிருந்து 24 பல்லுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும், முறுக்கு விசை மூன்று மடங்காகும். இன்னொரு முறை செய்தால் ஒன்பது மடங்கு. வேகம் குறைய வேண்டும் என்றதும் கை தானாக மோட்டாரின் பக்கத்திலேயே இதைச் செய்யப் போகும். இடம் அங்கேதான் இருக்கும், அதனால்தான். ஆனால் அப்படிச் செய்தால் மோட்டாரிலிருந்து சக்கரம் வரை போகும் நீண்ட ஆக்ஸில் முழுக்க அந்த ஒன்பது மடங்கு முறுக்கைத் தாங்க வேண்டும். டெக்னிக் ஆக்ஸில் பிளாஸ்டிக். நீளமான ஆக்ஸிலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகினால் அது முறுக்கிக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மோட்டாரை ஓடவிட்டதும் முதலில் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் திடீரென்று துள்ளும், திரும்ப நிற்கும். வண்டி விக்கி விக்கிப் போகும். ரொம்பத் தாங்காமல் போனால் ஆக்ஸில் நிரந்தரமாகவே முறுகி, அந்த இடம் வெளுத்துப் போயிருக்கும்.

அதனால் வேகமான சுழற்சியை நீண்ட தூரம் கொண்டுபோய், சக்கரத்தின் பக்கத்தில் குறைப்பதுதான் சரி. ஆக்ஸில் வேகமாகச் சுழலும், ஆனால் அதன் மேல் முறுக்கு குறைவு. சின்ன இடத்தில், சக்கரத்தின் ஓரத்தில், ஒரு கெட்டியான கூட்டுக்குள் அந்தக் கடைசிக் குறைப்பு நடந்தால் போதும். இதற்கு விலையும் உண்டு. வேகமாகச் சுழலும் ஆக்ஸில் துளைக்குள் அதிகம் உரசும், சத்தமும் கூடும். எனக்கு அந்தச் சத்தம் பரவாயில்லை.

வார்ம் கியர் தனி ரகம். திருகு போன்ற அந்தத் துண்டு ஒரு சுற்று சுற்றினால் எதிரே உள்ள கியர் ஒரே ஒரு பல்தான் நகரும். 24 பல் கியரோடு சேர்த்தால் ஒரே படியில் 24 மடங்கு குறைப்பு. அந்த 400 சுற்று நிமிடத்துக்கு 17 சுற்றுக்கும் குறைவாக வந்துவிடும். அதைவிட முக்கியம், மறுபக்கத்திலிருந்து அதைத் தள்ள முடியாது. கிரேன் கையை உயர்த்திவிட்டு மோட்டாரை நிறுத்தினால் கை அங்கேயே நிற்கும், பிரேக் வேண்டாம். பதிலுக்கு அது நிறைய சக்தியை உரசலில் வீணாக்கும், தன் ஆக்ஸிலின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். இரண்டு பக்கமும் இடம் விடாமல் அடைத்துக் கட்ட வேண்டும். மறுபடியும் கூடுதான்.

இன்னொரு துண்டை எப்போதும் கைவசம் வைத்திருப்பேன்: நடுவில் வழுக்கும் 24 பல் கியர். பழைய வெள்ளை நிறத் துண்டின் முகத்திலேயே 2.5, 5.0 என்று நியூட்டன்-சென்டிமீட்டரில் பொறித்திருக்கும். அந்த அளவைத் தாண்டி முறுக்கு வந்தால் வெளிவட்டம் நின்றுவிடும், உள்ளே ஆக்ஸில் மட்டும் வழுக்கிச் சுழலும். ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பி முட்டிக்கொண்ட பிறகும் மோட்டார் விடாமல் சுற்றினால், ஏதோ ஒன்று உடைந்தாக வேண்டும். இது இருந்தால் எதுவும் உடையாது.

பின்களைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. கறுப்புப் பின்னின் உடம்பில் மெல்லிய வரிகள் உண்டு. துளைக்குள் இறுகிப் பிடிக்கும். மூன்று துளை நீளமுள்ளது என்றால் நீலம். வழவழப்பான பின் சாம்பல் நிறத்திலோ மணல் நிறத்திலோ வரும். துளைக்குள் சுலபமாகச் சுழலும். சட்டகத்துக்குக் கறுப்பு, அசையும் மூட்டுக்கு வழவழப்பானது. ஸ்டீயரிங் இணைப்பில் ஒரே ஒரு மூட்டில் கறுப்புப் பின் இருந்தாலும் சக்கரம் திருப்பிய இடத்திலேயே சண்டித்தனம் செய்யும், நேராக வராது. வேற்று நிறத்துக்கு ஆசைப்பட்டு மாற்றிப் போடுவதற்கு முன் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வரி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இதைவிட அதிகமாகத் தொல்லை தருவது புஷ். ஆக்ஸில் நகராமல் இருக்க பீமுக்கு வெளியே போடும் சின்ன வளையம். அதை பீமோடு இறுக்கி அழுத்திவிட்டால் ஆக்ஸில் சுழலவே திணறும். கட்டும்போது ஒவ்வொரு ஆக்ஸிலையும் போட்ட உடனே, கியரைச் சேர்க்கும் முன்பே, விரல் நுனியால் சுண்டிவிடுவேன். இரண்டு மூன்று சுற்றாவது தானாகச் சுழன்று நிற்க வேண்டும். உடனே நின்றுவிட்டால் புஷ்ஷை நகத்தால் துளி விலக்கிவிடுவேன். நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். மறுபடி சுண்டினால் அதே ஆக்ஸில் பேசாமல் சுழலும். பத்து ஆக்ஸில் உள்ள கியர்பாக்ஸில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால், கடைசியில் மோட்டாரே முனகும். எங்கே பிடிக்கிறது என்று அப்போது தேடினால் கண்டுபிடிக்க முடியாது.

பெட்டியோடு வரும் கையேட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் எழுத்தே கிட்டத்தட்ட இருக்காது, எல்லாம் படம். ஆக்ஸில் நீளத்தில் குழப்பம் வரக்கூடிய இடங்களில் ஆக்ஸிலின் படத்தை உண்மை அளவிலேயே அச்சிட்டிருப்பார்கள். துண்டைத் தாளின் மேலேயே வைத்து ஒப்பிடலாம். திரையில் பார்த்துக் கட்டுபவர்களுக்கு இந்த வசதி போய்விடும். பெரிய மாடல்களில் பிழை ஒன்று உள்ளே ஒளிந்துகொண்டால் பிரிப்பது நரக வேதனை. 2019-ல் வந்த லீபெர் ஆர் 9800 எக்ஸ்கவேட்டரில் 4108 துண்டுகள், 7 மோட்டார்கள். அதில் நடுவே ஒரு கியர் ஒரு துளை தள்ளிப் போய்விட்டால் மேலே கட்டியது முழுக்கக் கழற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு பையின் முடிவிலும், கையேடு சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அதுவரை கட்டிய எல்லா அசைவையும் கையால் இயக்கிப் பார்ப்பது என் வழக்கம். சத்தத்தைக் கேட்கவும் வேண்டும். ஒழுங்காக ஓடும் கியர்பாக்ஸ் ஒரே சீராக முறுமுறுக்கும். சுற்றுக்கு ஒன்றிரண்டு தடவை சத்தம் ஏறி இறங்கினால், எங்கோ ஒரு ஆக்ஸில் வளைந்திருக்கிறது அல்லது யூனிவர்சல் ஜாயிண்ட் கோணலாக இருக்கிறது.

யூனிவர்சல் ஜாயிண்ட் சத்தம் போடுவதற்குக் காரணம் உண்டு. ஆக்ஸில் கோணத்தில் வளையும்போது அது சீரான சுழற்சியை அப்படியே கடத்துவதில்லை. 30 பாகை வளைத்தால் வெளியே வரும் வேகம் சுற்றுக்கு இரண்டு முறை 15 விழுக்காடு வரை கூடிக் குறையும். இரண்டு ஜாயிண்டுகளைப் போட்டு, நடு ஆக்ஸிலின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இரண்டு கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது சரிசெய்துவிடும். கால் பங்கு திருப்பிப் போட்டால் தடுமாற்றம் இரட்டிப்பாகும். லாரிகளின் அடியில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் இதே விதிதான்.

துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்காதீர்கள். கறுப்புக் குவியலுக்குள் கறுப்புப் பின்னைத் தேடுவதைப் போல் கண்ணுக்குக் கேடு வேறில்லை. வேலைவாரியாகப் பிரியுங்கள்: கியர் ஒரு டப்பா, பின் ஒரு டப்பா, ஆக்ஸில் நீளவாரியாக. ஆக்ஸில்களில் இரட்டைப்படை நீளம் பெரும்பாலும் கறுப்பு, ஒற்றைப்படை நீளம் சாம்பல் என்பது இங்கே உதவும். மாட்டிக்கொண்ட ஆக்ஸிலைப் பல்லால் கடித்தோ குறடால் இழுத்தோ எடுக்க வேண்டாம். இன்னொரு ஆக்ஸிலைப் பின்னாலிருந்து கொடுத்துத் தள்ளினால் வந்துவிடும். ஆரஞ்சு நிறப் பிரிப்பான் கருவியின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி அதற்குத்தான்.

பெரியவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பெட்டியிலேயே '18+' என்று அச்சிட்டு வருவது 2020-லிருந்து சகஜமாகிவிட்டது. சிறுவர்களைவிடப் பெரியவர்களுக்கு இதில் ஒரே ஒரு அனுகூலம்தான் உண்டு என்று நினைக்கிறேன்: கட்டியதைப் பிரிக்கச் சலிப்பதில்லை. உண்மையில் நான் கற்றதெல்லாம் பிரிக்கும்போதுதான். கையேட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டு பிரிக்க வேண்டாம். கையேட்டை மூடி வைத்துவிட்டு, எந்த ஒரு பின்னை உருவினால் முழுப் பகுதியும் தொளதொளவென்று ஆகிறது என்று பார்த்துக்கொண்டே பிரியுங்கள். அந்தப் பின்னைத்தான் வடிவமைத்தவர் கடைசியாகச் சேர்த்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சொந்தமாக வடிவமைக்க ஆரம்பிப்பவர்கள் ஒரு முழுக் காரை எடுக்காமல் ஒரே ஒரு இயக்கத்தை எடுப்பது நல்லது. கணினியில் வரைந்து பார்க்க வசதிகள் நிறைய. ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-ல் தொடங்கிவைத்த எல்டிரா, இப்போது பலரும் பயன்படுத்தும் ஸ்டூடியோ. தேவையான துண்டுகளின் பட்டியலையும் அவையே தந்துவிடும். ஆனால் திரையில் எதற்கும் எடை கிடையாது, பீம் வளையாது, ஏற்கனவே மூடிய பெட்டிக்குள் ஆக்ஸிலை நுழைக்க விரலுக்கு வழி இருக்கிறதா என்றும் அது கேட்காது. நான் இயக்கத்தைக் கையில் கட்டிப் பார்த்த பிறகுதான் கணினிக்குப் போவேன். மேலுடலையும் அலங்காரத்தையும் வரைய அது அருமையான இடம்.

உறுதியைச் சோதிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஜிபிசி என்ற பந்து இயந்திரம் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு இயந்திரம் கட்டி வருவார்கள். சின்னப் பந்துகளை ஒரு பக்கத்திலிருந்து வாங்கி, உயர்த்தி, அடுத்தவரின் இயந்திரத்துக்குத் தள்ள வேண்டும். சராசரியாக நொடிக்கு ஒரு பந்து என்பது பொது விதி. ஒரே தடவையில் தள்ளினால் 30 பந்துக்கு மேல் கூடாது. வரிசையாகப் பல இயந்திரங்களை வைத்து மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். மேசையில் ஐந்து நிமிடம் அழகாக ஓடியது அங்கே அரை நாளில் பின்களைத் துப்ப ஆரம்பிக்கும். அதிர்வு அப்படி. சட்டகத்தைப் பற்றி அதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

பராமரிப்பு சொற்பம். வெயில் படாமல் வையுங்கள், வெள்ளையும் வெளிர் சாம்பலும் மஞ்சளாகிவிடும். தூசிக்கு மெல்லிய தூரிகை. எண்ணெய் போடாதீர்கள், தூசியை இழுத்துப் பசையாக்கும். அலமாரிக்குப் போகும் மாடலிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் ஒருவர் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், கியரே இல்லாத ஒன்றைத்தான் சொல்வேன். பிரெஞ்சுப் பொறியாளர் பொசெல்லியே 1864-ல் வெளியிட்ட இணைப்பு அது. சுற்றும் கையின் அசைவை அச்சுப் பிசகாத நேர்கோடாக மாற்றும். அதற்கு முன் ஜேம்ஸ் வாட் 1784-ல் செய்தது கிட்டத்தட்ட நேர்கோடுதான். இது கணித ரீதியாகவே நேர்கோடு. 11 துளை பீம் இரண்டு, 5 துளை பீம் ஐந்து, அடித்தளத்துக்கு ஏதாவது ஒரு நீண்ட பீம். அவ்வளவே. நான்கு சின்ன பீம்களால் ஒரு சாய்சதுரம் செய்யுங்கள். அதன் எதிரெதிர் மூலைகள் இரண்டில் நீண்ட பீம்களை மாட்டி, அவற்றின் மறுமுனைகளை அடித்தளத்தின் முதல் துளையில் ஒன்றாகச் சேருங்கள். ஐந்தாவது சின்ன பீமின் ஒரு முனை அடித்தளத்தின் ஐந்தாம் துளையில், மறுமுனை சாய்சதுரத்தின் உள்பக்க மூலையில். அந்தச் சின்ன பீமை ஆட்டினால் சாய்சதுரத்தின் வெளிமூலை நேராகப் போய் வரும். அங்கே ஒரு பேனா முனையைப் பொருத்தினால் கோடே போட்டுவிடும்.

வெளிமூலையைத் தவிர முக்கால்வாசி மூட்டுகளில் மூன்று பீம்கள் சந்திக்கும். அதனால் மூன்று துளை நீளமுள்ள வழவழப்பான பின் வேண்டும், எது மேலே எது கீழே என்று அடுக்கையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். கோடு லேசாக நெளிந்தால் மூட்டுகளைச் சந்தேகிப்பதற்கு முன் அடித்தளத்தைப் பாருங்கள். அந்த பீமை மேசையோடு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கோடு போட்டால், நெளிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.